சுருதி மட்டும்

இப்ப அந்தப் பாட்டு கூடவே முணுமுணுத்தது நீங்கதானம்மா? டிரைவர் போட்டாரே, அந்தப் பாட்டு. ஏன் நிப்பாட்டிட்டிய? நான் திரும்பிப் பாத்தேன்னா? குத்தம் சொல்லதுக்காகப் பாக்கல. தொழில் அப்படி. முப்பது வருஷம் பாட்டு டீச்சரா இருந்தவளுக்கு எங்க சத்தம் கேட்டாலும் தலை தானாத் திரும்பிரும்.

பாட வராதா? யாரு சொன்னா? பள்ளிக்கூடத்துலயா? சரிதான், சொல்லியிருப்பாக. காரணம் இல்லாம ஒரு டீச்சர் அப்படிச் சொல்ல மாட்டா. நானே எத்தனையோ பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன்.

நீங்களும் மதுரைதான? நல்லதாப் போச்சி. இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு. அந்தப் பையக் கீழ வச்சிட்டு நல்லாச் சாஞ்சி உக்காருங்க. உங்ககிட்ட ஒரு அநியாயத்தச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ஊர்ல யாருகிட்டயும் சொல்ல முடியாது. அங்க எல்லாரும் அவ பக்கம்.

எம் பேரு ஹெப்சிபா. பாளையங்கோட்டையில ஒரு பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர். வாற மே மாசத்தோட ரிட்டையர்டு. அந்தப் பள்ளிக்கூடத்து கொயர இருபத்தாறு வருஷம் நடத்துனவ நான். கொயர் தெரியும்லா? பிள்ளைங்க வரிசையா நின்னு, மேல் குரல் கீழ் குரல்னு பிரிச்சி, ஒண்ணாச் சேந்து பாடுமே, அது.

அது லேசுப்பட்ட காரியமில்ல பாத்துக்கிடுங்க. அறுபது பிள்ளைங்க நிக்கும். ஒருத்திக்கு மூக்கடைப்பு. ஒருத்தி வாயில சூயிங்கம். ஒருத்தி முன்னால நிக்கவ சடையப் பிரிச்சிப் பின்னிக்கிட்டு இருப்பா. இதுல பாட வாரது இருபத்தஞ்சி பேரு. மிச்சம் பூரா உறுமும். உறுமுததுன்னா, நான் குடுத்த சுருதி ஒரு பக்கம் இருக்கும், பிள்ளை வேற பக்கம் கெடந்து தண்ணியில்லாத மோட்டர் ஓடுத மாதிரி ஓடும். உளுந்த மாவுல ஒரு கல்லு கெடந்தாப் போதும்லா, மொத்த வடையும் கெட்டுப் போவும்.

அப்ப உறுமுதவளச் சேக்காதீகன்னு சொல்லுவிய. சேக்கணும்மா! போட்டியில நாப்பது பேருக்குக் குறையக் கூடாதுன்னு விதி. அதுவும் போக, வெள்ளப் பாவாடை சட்டையும் நீல நாடாவும் கட்டி நாலு வரிசை நின்னாத்தான் மேடை நெறையும். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யாரும் சொல்லித் தரல, என் சொந்த மூளை.

ஜூன் மாசம் ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டுப் பரீட்சை வப்பேன். நான் "ஆ"ன்னு ஒரு சுருதி குடுப்பேன். பிள்ளை அதையே திருப்பிக் குடுக்கணும். குடுத்தா முன் வரிசை. உறுமுனா, என் நோட்டுல அவ பேருக்கு நேரா "வா.ம." அப்படின்னு எழுதுவேன். வாய் மட்டும். "ஏட்டி, நீ வாய மட்டும் அசை. சத்தம் வெளிய வரக் கூடாது. மூஞ்ச சிரிச்ச மாதிரி வச்சிக்கோ"ன்னு சொல்லிப் பின் வரிசையில நிறுத்திருவேன். சபையில உக்காந்து பாக்கவுகளுக்கு எவ பாடுதா, எவ அசைக்கான்னு கண்டுபிடிக்கவே முடியாது.

இதுல பாரபட்சமே கிடையாது. என் சொந்த மக ஷெர்லின், அவளுக்கே வா.ம. போட்டவ நான். ஆறாப்புல பரீட்சைக்கு வந்தா. எம் மகளாச்சே, ரெண்டு தடவ குடுத்துப் பாத்தேன். ரெண்டு தடவையும் உறுமுனா. போட்டுட்டேன். அழல அவ. அழுத்தக்காரி. இன்னைக்கு வரைக்கும் சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்த விரிச்சி வச்சிக்கிட்டு பிசகாம வாயசைப்பா, சத்தமே வராது. முப்பத்திரண்டு வயசாச்சி. அவ்வளவு நல்ல பயிற்சி.

என்ன சுருதின்னு கேக்கியளா? என் சுருதிதான், வேற என்ன. எனக்குக் கீழ்க்குரல். சர்ச்சுல ஆல்ட்டோ பாடுதவ நான், பொம்பளக் குரல்ல கீழ உள்ளது. "பாளையங்கோட்டையில டீச்சருக்குக் கீழ போற பொம்பளக் குரல் கிடையாது"ன்னு பாஸ்டரே சொல்லியிருக்காக. சுருதி ஊதுத குழலும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். எப்பக் கேட்டாலும் அதே சுருதி, இம்மி பிசகாது. மத்தப் பள்ளிக்கூடத்துல கூட "ஹெப்சிபா சுருதி"ன்னே பேரு.

ஆறு தடவ ரெண்டாம் பரிசு வாங்கியிருக்கேன். முதல் பரிசுக் கோப்பை ஒரு தடவ கூட வரல. ஜட்ஜா வாரவுகளுக்குக் காது கிடையாது. ஒருத்தர் எழுதியே குடுத்தாரு, "பின் வரிசைக் குழந்தைகள் முகத்தில் களை இல்லை"ன்னு. பாட்டுப் போட்டியில மூஞ்சிக்கு மார்க்காம்மா?

கயத்தாறு தாண்டிட்டா? சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தி வந்து நிக்கா. காட்டன் சேலை, கழுத்துல சின்னதா ஒரு செயினு, வாயெல்லாம் பல்லு. "டீச்சர், என்னையத் தெரியுதா? பெனிட்டா. பின் வரிசை, இடது பக்கம் கடைசி"ங்கா. தெரியாமயா? ஆறாப்புல இருந்து பத்தாப்பு வரைக்கும் அஞ்சி வருஷம் வா.ம. ஷெர்லின் வகுப்புதான். ரெண்டும் பின் வரிசையில பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஆனா நான் தெரியலன்னு சொல்லிட்டேன்.

அவதான் புது பாட்டு டீச்சராம்! பாட வராதவ பாட்டு டீச்சர். சென்னையில போயி என்னத்தையோ படிச்சி, என்னத்தையோ பாஸ் பண்ணியிருக்கா. முதல் நாள் பிரேயர்ல மைக்கப் பிடிச்சி என்ன சொன்னா தெரியுமா? "பாட வராத பிள்ளைன்னு யாரும் கிடையாது"ன்னா. அத்தனை டீச்சர்மாரும் என்னையத் திரும்பிப் பாத்தாக. வந்த அன்னைக்கே என் மூஞ்சியில கரியப் பூசிட்டா.

சாயந்திரம் ஹெச்.எம். கூப்பிட்டு விட்டாக. ரத்னசீலி அம்மா, என்னைய விட ரெண்டு வயசு சின்னவுக. "டீச்சர், நீங்க ரிட்டையர்டு ஆகப் போறிய. இனிமே கொயர பெனிட்டா பாத்துக்கிடட்டும். நீங்க சீனியர். உங்க மரியாதைக்கு நீங்க சுருதி மட்டும் குடுங்க, போதும்"னாக.

சுருதி மட்டும். கேட்டியளா அந்த வார்த்தைய? இருபத்தாறு வருஷம் நடத்துனவ, ஓரமாப் போயி நின்னு, ஒரே ஒரு சத்தம் குடுத்துட்டு, பாட்டு முடியுத வரைக்கும் வாய மூடிக்கிட்டு நிக்கணும். மூஞ்ச வேற சிரிச்ச மாதிரி வச்சிக்கிடணும், மேடையில்லா! ஒருத்தியக் கூட்டத்துல நிறுத்தி வச்சிக்கிட்டு, நீ சத்தம் போடாத, சும்மா நில்லுன்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்னு சொல்லுதவுகளுக்குத் தெரியுமா? அனுபவிச்சாத்தான் தெரியும். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவள விடக் கூடாதுன்னு.

அவ பண்ணுன கூத்தக் கேளுங்க. பரீட்சை கிடையாது, ஒண்ணும் கிடையாது. வந்த அறுபத்திரண்டு பேரையும் சேத்துட்டா. அதுல இசக்கின்னு ஒருத்தி, இசக்கியம்மாள், ஏழாப்பு. அவ அம்மா மார்க்கெட்டுல மீன் விக்கா. ஆறாப்புலயே மூணு தடவ என்கிட்ட பரீட்சைக்கு வந்து மூணு தடவையும் வா.ம. வாங்குனவ. அந்தத் தொண்டைய வச்சி மீன் கூவலாம், பாட முடியாதுன்னு நானே சொல்லியிருக்கேன். அவளக் கொண்டு போயி ரெண்டாம் வரிசையில நிறுத்திட்டா.

பாட்டுச் சொல்லிக் குடுப்பான்னு பாத்தா, ஆளுக்கொரு டம்ளர்ல தண்ணியக் குடுத்து, ஜூஸ் குடிக்கிற குழலால அதுல குமிழி விடச் சொல்லுதா. மறுநாளு ஆந்தை மாதிரி "ஊ ஊ"ன்னு கத்தணும். அதுக்கு மறுநாளு தீயணைப்பு வண்டி மாதிரி சத்தத்த மேல ஏத்தி எறக்கணும். காகிதத்துல ராக்கெட் பண்ணி வீசி, அது போற போக்குலயே குரலும் போகணுமாம். எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே சிரிப்பு. கொயர் பிராக்டிஸ்ல என்னத்துக்குச் சிரிப்பு? இருபத்தாறு வருஷத்துல என் பிராக்டிஸ்ல ஒரு பிள்ளை சிரிச்சது கிடையாது.

நான் சும்மா இருப்பேனா? வாசல்ல பிள்ளைங்களக் கூப்பிட வாற அம்மாமாருகிட்ட ஒவ்வொருத்தியாப் பிடிச்சிச் சொன்னேன், "ஆந்தை மாதிரி கத்த விடுதாம்மா, பிள்ளைக்குத் தொண்டை போயிரும், கல்யாண வயசுல ஆம்பளக் குரல் வந்துரும்"னு. நாலு பேரு நிப்பாட்டிட்டாக. இசக்கி அம்மாகிட்டயும் சொன்னேன். அவ "அது வீட்டுலயும் கத்திக்கிட்டுத்தான் டீச்சர் கெடக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டா.

பிறகு மியூசிக் ரூம் சாவியத் தொலைச்சேன். தொலைக்கல, என் ஹேண்ட்பேக்லதான் கெடந்திச்சி. ரெண்டு வாரம் தேடுனாக. அவ அசரல. சாப்பாட்டு நேரத்துல பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயி சைக்கிள் ஷெட்டுல வச்சிப் பாடச் சொல்லிக் குடுத்தா. தகரக் கூரை. அங்க நின்னு அவ இஷ்டத்துக்கு மேல மேல பாட விடுவா. ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேக்கும். நான் ஜன்னல அடைச்சிட்டுத்தான் சாப்பிடுவேன்.

ஆனா சாயந்திரம் ஹெச்.எம். வந்து உக்காருத பெரிய பிராக்டிஸ்ல சுருதி என்னுது. நான் என் சுருதியக் குடுப்பேன். உடனே பின்னால உறுமும், பழைய மாதிரியே. எனக்குக் காதுல தேன் ஊத்துன மாதிரி இருக்கும். அவ மெதுவா என் பக்கத்துல வருவா. "டீச்சர், ஒரு நாலு படி மேல குடுக்கியளா? சின்னப் பிள்ளைங்களுக்கு இது ரொம்பக் கீழ கெடக்கு. அங்க அதுகளுக்குக் குரலே கிடையாது டீச்சர்"னு கெஞ்சுவா. "என் சுருதி இதான். வேணும்னா நீயே குடுத்துக்கோ"ம்பேன். குடுக்கலாம்லா? குடுக்க மாட்டா. பெரியவுக குடுக்கணும்னு ஹெச்.எம். சொன்னத மீற மாட்டாளாம். மரியாதைக்காரி! அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது.

அப்படியே டிசம்பர் வந்துட்டு. பதினோரு பள்ளிக்கூடம் சேந்து நடத்துத கிறிஸ்மஸ் பாட்டுப் போட்டி. வாத்தியமே கூடாது, வெறுங்குரல். சுருதி குடுக்க ஓராள் நிக்கலாம். ரெண்டு நாளைக்கு முன்னால அச்சடிச்ச அட்டை வந்துது. எங்க பள்ளிக்கூடத்துப் பேரு, பாட்டுப் பேரு, அதுக்குக் கீழ "பயிற்சி: ஆ. பெனிட்டா". அவ்வளவுதான். திருப்பிப் பாத்தேன். அட்டைக்குப் பின்னாலயும் பாத்தேன். என் பேரு இல்ல. "அச்சகத்துல விட்டுப் போச்சி டீச்சர், நான் எழுதிக் குடுத்தேன்"ங்கா அவ. யாரு நம்புவா?

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துது.

எங்க பாட்டுல மூணாம் சரணத்துல "வெளிச்சமே"ன்னு ஒரு சொல்லு வரும். மேல ஏறிப் போயி, அங்கனயே நாலு தாளம் அசையாம நிக்கணும். என் சுருதியில பாடுனாலே அந்த எடத்துல என் முன் வரிசைப் பிள்ளைங்களுக்குக் கழுத்து நரம்பு தெரியும். அவ மேல குடு, மேல குடுன்னு கேட்டாள்லா? குடுப்போம். நல்லாக் குடுப்போம். சபை நெறைய ஆள் இருக்கும்போது, திருத்த முடியாத எடத்துல வச்சிக் குடுப்போம். "வெளிச்சமே" வரும்போது ஒவ்வொருத்தியா நூலு அந்து விழுந்த மாதிரி விழட்டும். நடத்துனவ பேருதான அட்டையில இருக்கு? அசிங்கமும் அவளுக்கே போகட்டும். பாவமாத் தெரியுதா உங்களுக்கு? எனக்குத் தெரியல. சந்தோஷமா இருந்திச்சி. ரெண்டு நாளு நல்லாச் சாப்பிட்டேன்.

சாத்தூர் வந்துட்டு போல. வெள்ளரிக்காய் வேணுமா? எனக்கு வேண்டாம்மா, தொண்டைக்கு ஆகாது.

போட்டி அன்னைக்குக் காலையில பத்து மணி. நாலாவதா எங்க பள்ளிக்கூடம். பிள்ளைங்க ஏறி நாலு வரிசையா நின்னுட்டு. அவ நடுவுல, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா. நான் ஓரத்துல. சபை அமைதியாயிட்டு. அவ என்னையத் திரும்பிப் பாத்து, லேசாத் தலைய ஆட்டுனா, குடுங்கன்னு. நான் கண்ண மூடிக்கிட்டேன். நாலு படிதான கேட்டா? அஞ்சி படி மேல குடுத்தேன்.

என் தொண்டை அவ்வளவு ஒசரம் போகும்னு எனக்கே தெரியாதும்மா. ஆத்திரம் தூக்கிக் கொண்டு போயிட்டு. பிசிறே இல்லாம, மணி அடிச்ச மாதிரி நின்னுது.

அவ சட்டுனு என்னையப் பாத்தா. கண்ணு ரெண்டும் விரிஞ்சிட்டு. பயந்துட்டா, மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவ கண்ணுல தண்ணி கட்டுது. நல்லா வேணும்னு நெனச்சேன். அவ திரும்பி, கையத் தூக்குனா.

பிள்ளைங்க பாடிச்சிங்க.

என்னத்தச் சொல்ல. உறுமலே இல்ல. எங்க போச்சின்னு தெரியல. பின் வரிசை, ரெண்டாம் வரிசை, வா.ம. வா.ம.ன்னு நான் எழுதுன அத்தனை பேரும் வாயத் தொறந்து பாடுதாளுவ, சத்தம் வருது! தெளிஞ்ச சத்தம். நான் மேடை ஓரத்துல நின்னு எண்ணிக்கிட்டே இருக்கேன், முதல் சரணம், ரெண்டாம் சரணம், இருக்கட்டும், "வெளிச்சமே" வரட்டும், வரட்டும்னு. வந்துது. மேல ஏறிச்சி. ஒருத்தி விழல. நாலு தாளம் நின்னுது. அந்த மீன்காரி மக, மூஞ்சத் தூக்கி, கூரையப் பாத்து, பெனிட்டா ஆந்தை மாதிரி கத்தச் சொல்லிக் குடுத்தாள்ல, அந்த எடத்துல நிக்கா, அவ்வளவு சுளுவா. கழுத்து நரம்பு கூடத் தெரியல.

நான் வாயசைச்சிக்கிட்டு நின்னேன். என்னத்த அசைச்சேன்னு தெரியல.

முதல் பரிசு. கோப்பை. இருபத்தாறு வருஷம் நான் பாத்து ஏங்குன கோப்பைய அவ வாங்குனா. வாங்குனவ சும்மா எறங்கிப் போயிருக்கலாம்லா? மைக்கப் பிடிச்சா. "இந்தக் கோப்பை எங்க ஹெப்சிபா டீச்சரோடது. பிள்ளைங்களுக்கு எது சரியான சுருதின்னு பாத்து அவுகளே மேல தூக்கிக் குடுத்தாக. அவ்வளவு வருஷ வழக்கத்த ஒரு நிமிஷத்துல எங்களுக்காக மாத்துனாக"ன்னு சொல்லி, என்னையக் கையப் பிடிச்சிக் கூட்டிக்கிட்டு வந்து நடுவுல நிறுத்தி, பொன்னாடை போட்டா. சபையே எந்திரிச்சிக் கை தட்டுது. நான் என்ன செய்ய முடியும்? உன்னையக் கெடுக்கத்தான் குடுத்தேன்னு சொல்ல முடியுமா? சிரிச்ச மூஞ்சா நின்னேன். போட்டோ இருக்கு. அடுத்த நாளு பேப்பர்ல கூட வந்துது.

இதுக்கு மேல ஒருத்திய எப்படிம்மா அவமானப்படுத்த முடியும்? சொல்லுங்க. திட்டியிருந்தா நான் திருப்பித் திட்டியிருப்பேன்.

வேன்ல வரும்போது அந்த இசக்கி என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தா. "டீச்சர், எனக்குச் சத்தம் இருக்கு டீச்சர்"ங்கா. வேற ஒண்ணும் சொல்லல. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு வாரா, "எனக்குச் சத்தம் இருக்கு டீச்சர்"னு. சரிட்டி, சரிட்டின்னு சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அதோட போயிருந்தாலும் பரவாயில்ல. பள்ளிக்கூட வாசல்ல எல்லாரும் போனப்புறம் அந்தப் பாதகத்தி பெனிட்டா என் பக்கத்துல வந்தா. மெதுவாச் சொல்லுதா. "டீச்சர், ஒண்ணு சொல்லட்டா? பத்தாப்பு படிக்கும்போது நானும் ஷெர்லினும் சாப்பாட்டு நேரத்துல சைக்கிள் ஷெட்டுக்குப் போயிருவோம். உங்க பாட்ட எல்லாம் நாலஞ்சி படி மேல வச்சி நாங்களாப் பாடிப் பாப்போம். தகரத்துல பட்டு நல்லாக் கேக்கும். ஷெர்லின் என்னைய விட நல்லாப் பாடுவா டீச்சர். எங்க வகுப்புல எல்லாரும் வந்து கேப்பாளுவ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான் இத்தனை நாளு சொல்லல"ன்னா.

எல்லாரும் வந்து கேப்பாளுவளாம்.

ஷெட்டுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் என்ன தூரம் இருக்கும்? இந்த பஸ்ஸு நீளம் ரெண்டு மடங்கு. அப்பவும் நான் ஜன்னல அடைச்சிட்டுத்தான் சாப்பிடுவேன். பிள்ளைங்க எரைச்சல் எனக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்து பழைய நோட்ட எடுத்துப் பாத்தேன். முன்ன பெனிட்டா அதக் கேட்டப்ப கரையான் அரிச்சிட்டுன்னு சொல்லி வச்சிருந்தேன், ஒரு பக்கம் கூட அரிக்கல. ஷெர்லின், வா.ம. அதுக்கு அடுத்த வரியில பெனிட்டா, வா.ம. என் கையெழுத்து எப்பவும் முத்து முத்தா இருக்கும். ஷெர்லினுக்குப் போன் போட்டேன். "சைக்கிள் ஷெட்டுல பாடுவியாமே?"ன்னு கேட்டேன். "பெனிட்டா சொன்னாளா? அது சின்ன வயசுலம்மா. பிள்ள அழுதான், வைக்கேன்"னு வச்சிட்டா.

ரெண்டு மாசமாச்சி. அவளும் அதப் பேசல, நானும் பேசல. இப்ப மதுரையில அவ வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். பிள்ளைக்கு அஞ்சி மாசம். அவ பிள்ளையத் தூங்க வைக்கத நீங்க பாக்கணுமே. மொபைல்ல யாரோ பாடுன தாலாட்டப் போட்டுத் தொட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருவா. வச்சிட்டு, அந்தப் பாட்டுக்கு வாயசைச்சிக்கிட்டே தொட்டில ஆட்டுவா. சத்தம் வராது. போன தடவ போயிருந்தப்ப பாத்துட்டு, பரவாயில்ல, ஒரு சொல்லு தப்பல, நல்ல பயிற்சின்னு எனக்குள்ள நெனச்சிக்கிட்டேன். பாத்துக்கிடுங்க, அப்படித்தான் நெனச்சேன்.

அந்த பெனிட்டாவ நான் மன்னிக்கவே மாட்டேன். கோப்பைய வாங்கிட்டுப் போ. பேர வாங்கிட்டுப் போ. பதினாறு வருஷம் பொத்தி வச்சிருந்தத எங்கிட்ட வந்து ஏன் சொல்லணும்? ஷெர்லினுக்குச் சத்தம் இல்லன்னு நான் நிம்மதியா இருந்தேன்லா? அத எடுத்துட்டா. இதவிடப் பெரிய பழி எவளால வாங்க முடியும்? நாலு படி மேல குடுங்கன்னு கெஞ்சுனாளே, அது பிள்ளைங்களுக்காகவா கெஞ்சுனா? எனக்கு நம்பிக்கை இல்ல. மே மாசம் வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன், பாத்துக்கிடுதேன் அவள.

திருமங்கலம் தாண்டிட்டா? இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். உங்களுக்குப் பாட வராதுன்னு சொன்னியள்லா, பரவாயில்ல, காது இருந்தாப் போதும். நான் ஷெர்லின்கிட்ட போயி, போட்டி அன்னைக்கு மாதிரியே அஞ்சி படி மேல சுருதி குடுத்து, "பாடுட்டி"ன்னு சொல்லணும். இதத்தான் நெனச்சிக்கிட்டு வாரேன். வேற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. மன்னிப்பு அது இதெல்லாம் எனக்கு வராது. சுருதிதான் குடுக்கத் தெரியும்.

இப்பக் குடுக்கேன், அந்த ஒசரத்துக்கு எட்டுதான்னு கேட்டுச் சொல்லுங்க. ஆ...

எட்டலையே. கேட்டியளா, அந்த எடத்துல போயி பிசிறடிக்கு. ரெண்டு மாசமா வீட்டுல கதவ அடைச்சிக்கிட்டுக் குடுத்துப் பாக்கேன், இந்தப் பிசிறுதான் வருது. கீழ குடுன்னா இப்பக் குடுப்பேன், பாறை மாதிரி நிக்கும். மேல அந்த ஒரு நாளுதான் வந்துது, அந்த ஆத்திரத்துல.

கொஞ்சம் இருங்கம்மா. அந்த பெனிட்டா மூஞ்ச ஒரு தடவ நெனச்சிக்கிட்டுத் திருப்பிக் குடுத்துப் பாக்கேன்.